என் பள்ளிக்கூடத்தையே ஆய்வு செய்யலாமா, அம்மா?

சென்ற மாத இதழில், ‘பள்ளித் தலைமை பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய நம் தலைமை ஆசிரியர்கள் நிறையப் பேர் வர வேண்டும்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் கட்டாக மேசை மேல் இருக்கின்றன. பாதிக்கு மேல் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் எழுதியவை. கல்வியியல் கல்லூரியில் 29 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பலருக்கு ஆய்வு நெறியாளராகவும் இருந்திருக்கிறேன். அதனால் இந்த மாதம் முழுக்க இந்தக் கேள்விகளுக்கே.

*

கேள்வி: வணக்கம் அம்மா. அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருக்கிறேன். வயது 46. எம்.எஸ்சி., பி.எட்., எம்.எட். முடித்திருக்கிறேன், எம்.எட்.டில் 58 விழுக்காடு. கல்வித் தலைமையில் பிஎச்.டி. சேர ஆசை. இந்த வயதில் சேர்த்துக்கொள்வார்களா? ‘நெட்’ தேர்வு எழுதித்தான் ஆக வேண்டுமா? வேலையை விடாமல் படிக்க முடியுமா?
– ஒரு தலைமை ஆசிரியர், தேனி மாவட்டம்

பதில்: வயதை நினைத்துத் தயங்க வேண்டாம், சார். பிஎச்.டி. சேர்க்கைக்கு யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, வயது வரம்பு எதுவும் வைக்கவில்லை. ஜே.ஆர்.எஃப். என்கிற உதவித்தொகைக்குத்தான் வயது பார்ப்பார்கள். நீங்கள் சம்பளம் வாங்குகிறவர், அது உங்களுக்குத் தேவையில்லை.

முதலில் பட்டத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். நம் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ‘கல்வித் தலைமை’ என்ற பெயரில் தனிப் பட்டம் இருக்காது. பட்டம் கல்வியியலில், உங்கள் ஆய்வுப் பொருள் தலைமை, நிர்வாகம், மேலாண்மை. இந்தத் துறைக்கென்றே நாட்டில் இருக்கும் நிறுவனம் புதுதில்லியில் உள்ள ‘நீபா’, அதாவது தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம். 1962இல் யுனெஸ்கோவின் ஆசிய மையமாகத் தொடங்கி, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. பள்ளித் தலைமைக்கென்றே ஒரு தேசிய மையமும் அதற்குள் இயங்குகிறது. தில்லி போய்ச் சேராவிட்டாலும் பரவாயில்லை, அங்கே என்னென்ன பொருளில் ஆய்வு நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தகுதிக்கு வருவோம். இப்போது நடைமுறையில் இருப்பது 2022 நவம்பரில் வந்த யுஜிசி விதிமுறை. முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். உங்களுக்கு 58 இருக்கிறது, அந்தக் கதவு திறந்தாயிற்று. கல்வியியல் துறையில் சேர எம்.எட். அல்லது கல்வியியலில் எம்.ஏ. கேட்பார்கள். பாட முதுகலையும் சேர்த்துக் கேட்கும் இடத்துக்கு உங்கள் எம்.எஸ்சி. இருக்கிறது.

அடுத்து நுழைவுத் தேர்வு. 2024 ஜூனிலிருந்து ‘நெட்’ என்கிற தேசியத் தகுதித் தேர்வின் முடிவை மூன்று வகையாக வெளியிடுகிறார்கள். உதவித்தொகையோடு தேறியவர்கள் ஒரு வகை. உதவிப் பேராசிரியர் பணிக்கும் பிஎச்.டி.க்கும் தகுதி பெற்றவர்கள் இரண்டாவது, பிஎச்.டி.க்கு மட்டும் தகுதி பெற்றவர்கள் மூன்றாவது. பின்னிரண்டு வகையினருக்கும் சேர்க்கையில் தேர்வு மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30 விழுக்காடு. அந்த மதிப்பெண் பிஎச்.டி. சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். தேர்வு எழுதிவிட்டு, ‘இடம் அப்புறம் தேடிக்கொள்ளலாம்’ என்று உட்கார்ந்தால் மறுபடியும் எழுத வேண்டியதுதான். இது தவிர, சொந்தமாக நுழைவுத் தேர்வு நடத்தும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அங்கே கேள்விகளில் பாதி ஆராய்ச்சி முறையியல், பாதி பாடம். தேற 50 விழுக்காடு.

‘நெட்’ என்றதும் நம் ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். 3 மணி நேரம், 150 கேள்வி, 300 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. கல்வியியல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வருவது உண்மையிலேயே நமக்கு ஒரு சுமை. ஆனால் பாடத்திட்டத்தின் 10 அலகுகளில் 9ஆவதைப் பிரித்துப் பாருங்கள். கல்வி மேலாண்மை, நிர்வாகம், தலைமை – அலகின் தலைப்பே அதுதான். ஃபீட்லர், ஹெர்சி, பிளான்சார்ட் என்று தலைமைக் கோட்பாடு எழுதியவர்களின் பெயர்கள் புதிதாக இருக்கலாம். அவர்கள் சொல்லும் விஷயத்தை நீங்கள் காலை வழிபாட்டு மைதானத்திலும் ஆசிரியர் ஓய்வறையிலும் தினம் தினம் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

இனி, நிறையப் பேர் தடுக்கி விழும் இடம்: தடையின்மைச் சான்று. பணியில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் படிக்கலாம், விதி தாராளமாக அனுமதிக்கிறது. ஆனால் உங்கள் துறை எழுத்தில் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். பகுதிநேரப் படிப்புக்கு அனுமதிக்கிறோம். அவருடைய பணி ஆய்வுக்குப் போதிய நேரம் தரும். தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் (ஆய்வு மாணவர் படிக்க வேண்டிய வகுப்புப் பாடங்கள்) முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம். இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பும். முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ.) அலுவலகம் வழியாகப் போகிற தாள் இது. எத்தனை மேசை ஏறி இறங்கும் என்பது உங்களுக்கே தெரியும். பல்கலைக்கழக அறிவிக்கை வரும்வரை காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையோடு பெறுகைத் தேதி வாங்கி வையுங்கள். அனுமதி வருவதற்கு முன்னால் சேர்ந்துவிட்டு, பிறகு விளக்கக் கடிதத்துக்கு மேல் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நல்ல ஆசிரியர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

கோர்ஸ் ஒர்க் பகுதிநேரத்தவருக்கும் உண்டு. குறைந்தது 12 கிரெடிட், அதிலும் 55 விழுக்காடு எடுக்க வேண்டும். ஆராய்ச்சி நெறிமுறை பற்றிய தாள் ஒன்று கட்டாயம். மாணவர்களோடு மாணவராக முன் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்க மனம் ஒப்புமா என்று மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேர்காணலைப் பற்றி ஒன்று சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்வுக் குழுவில் பாட வல்லுநராக உட்கார்ந்திருந்தேன். உங்களைப் போலவே ஒரு தலைமை ஆசிரியர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட முன்வரைவு. ‘தலைமை ஆசிரியர்களின் தலைமைப் பண்பும் ஆசிரியர்களின் பணி நிறைவும் – ஓர் ஆய்வு’ என்பது தலைப்பு. அன்று காலையில் நாங்கள் கேட்ட நான்காவது ‘பணி நிறைவு’ அது. “சார், உங்கள் பள்ளியில் எதைப் பார்த்து இந்தக் கேள்வி உங்களுக்கு வந்தது?” என்று கேட்டேன். பதில் இல்லை. தண்ணீர் குடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். மலையடிவாரப் பள்ளி. காலையில் ஒரே பேருந்து, 9.25க்குத்தான் வரும். நான்கு ஆசிரியர்கள் அதில்தான் வருவார்கள். முதல் பாடவேளை தினமும் பாழ், வருகைப் பதிவேட்டில் தினமும் சிவப்பு மை, தினமும் சண்டை. இவர் அங்கே தலைமை ஆசிரியராகப் போன பிறகு, உள்ளூரிலேயே குடியிருந்த இரண்டு ஆசிரியர்களிடம் பேசி, முதல் வேளையை எல்லா வகுப்புக்கும் சேர்த்து வாசிப்பு நேரமாக்கினார். சண்டை நின்றது. பிள்ளைகள் நூலகப் புத்தகத்தைத் தொட ஆரம்பித்தார்கள். அடுத்த ஊர்ப் பள்ளியிலும் அதே பேருந்துப் பிரச்சினை. அங்கிருந்த தலைமை ஆசிரியர் இவரைக் கேட்டு அதையே செய்தார். உள்ளூர் ஆசிரியர்கள், ‘அவர்கள் வேலையை நாங்கள் ஏன் பார்க்க வேண்டும்’ என்று மறுத்துவிட்டார்கள். இரண்டே வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. “ஒரே முடிவுதான் மேடம். எனக்குப் பலித்தது, அவருக்கு ஏன் பலிக்கவில்லை? எனக்கு இன்னும் விளங்கவில்லை” என்றார்.

குழுவில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். கையில் வைத்திருந்த முன்வரைவில் இதில் ஒரு சொல்கூட இல்லை. அவருடைய உண்மையான ஆய்வுக் கேள்வி அதுதான். அவருக்கு இடம் கொடுத்தோம், தலைப்பை மாற்றச் சொல்லி. உங்களிடமும் அப்படி ஒரு ‘ஏன்’ இருக்கும், சார். 22 பக்க முன்வரைவுக்கு முன்னால் அந்த ஒரு வாக்கியத்தை எழுதி வையுங்கள்.

*

கேள்வி: எனக்கு எம்.எட்.டில் 52 விழுக்காடுதான். மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவள். விண்ணப்பிக்க முடியுமா, மேடம்?
– ஆசிரியை, அரியலூர்

பதில்: முடியும், அம்மா. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வளமான பிரிவில் வராத இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத் திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு யுஜிசி 5 விழுக்காடு தளர்வு தருகிறது. உங்கள் 52 போதும். மத்திய நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பதானால், நம் மாநிலச் சாதிச் சான்றிதழை மட்டும் இணைத்தால் ஏற்க மாட்டார்கள். மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்கி வையுங்கள்.

*

கேள்வி: வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் 18 மாதத்தில் பிஎச்.டி. முடித்துத் தருவதாக எங்கள் ஊரில் ஒரு ஏஜென்சி சொல்கிறது. நேரில் போக வேண்டாமாம். ஆய்வேட்டையும் அவர்களே ‘ரெடி’ செய்து தருவார்களாம். சக ஆசிரியர் இருவர் முன்பணம் கட்டிவிட்டார்கள். நானும் கட்டலாமா?
– பட்டதாரி ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: ஒரு பைசா கட்டாதீர்கள், தம்பி. கட்டிய இருவரிடமும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கோர்ஸ் ஒர்க் உட்பட பிஎச்.டி.க்குக் குறைந்தபட்ச காலமே 3 ஆண்டு. 18 மாதத்தில் முடித்துத் தருகிறோம் என்கிற வாக்கியமே விதிமீறல். தொலைநிலையிலோ இணையவழியிலோ பிஎச்.டி. கொடுக்க விதியில் இடமில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து எட்டெக் எனும் இணையக் கல்வி நிறுவனங்கள் இணையத்தில் தரும் பிஎச்.டி. செல்லாது என்று 2022இலேயே யுஜிசியும், தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயும் சேர்ந்து எச்சரித்தன. 2025 ஜனவரியில் ராஜஸ்தானைச் சேர்ந்த மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் ஐந்து கல்வியாண்டுகளுக்கு பிஎச்.டி. மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று யுஜிசி தடை போட்டது. காரணம், பட்டம் வழங்குவதில் விதிகளைப் பின்பற்றாததுதான். அந்தத் தடைச் செய்தியைப் படித்த அன்று, எத்தனை ஆசிரியர் வீடுகளில் நகை அடகுக் கடைக்குப் போயிருக்குமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஆய்வேட்டை அவர்களே எழுதித் தருவது பற்றி: எழுத்துத் திருட்டைத் தடுக்க 2018இல் தனி விதிமுறையே வந்திருக்கிறது. பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை போனால் திருத்தி மறுபடி தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பட்டம் வாங்கிவிட்டால் தப்பித்தோம் என்பதும் இல்லை. ஆய்வேடு ‘சோத்கங்கா’ என்ற தேசிய இணையக் களஞ்சியத்துக்குப் போகும். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். நாளைக்கு உங்களிடம் படித்த பிள்ளையே படிக்கலாம்.

*

கேள்வி: பிஎச்.டி. முடித்தால் தலைமை ஆசிரியர் பதவி உயர்வில் முன்னுரிமை உண்டா? ஊதிய உயர்வு கிடைக்குமா?
– முதுகலை ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: பள்ளிப் பதவி உயர்வில் இல்லை, அது பணிமூப்புப் பட்டியல்படிதான். உயர்கல்விக்குத் தந்துவந்த ஊக்க ஊதிய உயர்வையும் 2020 மார்ச்சில் அரசு நிறுத்திவிட்டது. அதை நம்பி இறங்க வேண்டாம்.

ஆனால் கல்வியியல் கல்லூரிப் பக்கம் போவதானால் இந்தப் பட்டம் அவசியம். பி.எட். கல்லூரி முதல்வராக, பாடத்திலும் எம்.எட்.டிலும் 55 விழுக்காடு, பிஎச்.டி., ஆசிரியர் கல்வி நிறுவனத்தில் 8 ஆண்டு கற்பித்தல் அனுபவம் ஆகியவற்றை என்சிடிஇ எனும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014 விதிமுறை கேட்கிறது. கல்வி நிர்வாகத்திலோ தலைமையிலோ பட்டயம் இருந்தால் விரும்பத்தக்கது என்றும் அதிலேயே இருக்கிறது. இக்னோ எனும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கல்வி மேலாண்மை, நிர்வாக முதுகலைப் பட்டயம் ஒன்று உண்டு. முனைவர் பட்டத்துக்கு முன்னால் இந்தத் துறையின் வாசனையைப் பிடிக்க அது நல்ல வழி.

*

கேள்வி: கோவையில் சிபிஎஸ்இ பள்ளித் துணை முதல்வராக இருக்கிறேன். மகள் டெக்சஸில் இருக்கிறாள். அங்கே ‘எட்.டி.’ என்று ஒரு பட்டம் இருப்பதாகச் சொல்கிறாள். அது பிஎச்.டி.க்குச் சமமா? சேர என்ன கேட்பார்கள்?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சகோதரி, எட்.டி. என்பது கல்வித் துறைக்கென்றே அமெரிக்காவில் பிறந்த முனைவர் பட்டம். ஹார்வர்டு 1920இல் தொடங்கி வைத்தது. பிஎச்.டி. பெரும்பாலும் ஆராய்ச்சியாளராகப் போகிறவர்களுக்கு, எட்.டி. ஒரு பள்ளியையோ ஒரு மாவட்டத்துப் பள்ளிகளையோ நடத்துகிறவர்களுக்கு. வேலை பார்த்துக்கொண்டே ஒரே அணியாகச் சேர்ந்து முடிக்கும்படி பல இடங்களில் அமைத்திருக்கிறார்கள். ஆய்வேடும் உங்கள் பணியிடத்தில் எழுந்த ஒரு சிக்கலை எடுத்து, அதைத் தீர்க்க முயன்ற கதையாக இருக்கலாம். இந்த அமைப்பை நான் மனதார விரும்புகிறேன். நம் நாட்டிலும் இப்படி ஒன்று வர வேண்டும் என்று பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன்.

கேட்பவை: முதுகலைப் பட்டம், பெரும்பாலும் 4க்கு 3 என்ற அளவில் சராசரி, எல்லா மதிப்பெண் பட்டியல்களுக்கும் அங்குள்ள மதிப்பீட்டு நிறுவனத்தின் சான்று, மூன்று பரிந்துரைக் கடிதம், தன்விவரம், நோக்கக் கட்டுரை, டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வு. சில ஆண்டுப் பள்ளி அனுபவத்தையும் எதிர்பார்ப்பார்கள். ஜிஆர்இ தேர்வைப் பல இடங்களில் இப்போது கேட்பதில்லை. பரிந்துரைக் கடிதத்தில் நம்மவர்கள் ‘கடின உழைப்பாளி, நற்பண்பு உடையவர்’ என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அது அங்கே எடுபடாது. நீங்கள் எடுத்த ஒரு முடிவு, அதனால் பள்ளியில் என்ன மாறியது என்று உங்கள் முதல்வரை எழுதச் சொல்லுங்கள்.

சேர்வதற்கு முன் இரண்டு விஷயம். மாணவர் விசாவில் போகிறவர், முழுநேரக் கணக்கில் பருவத்துக்கு ஒரே ஒரு இணையவழிப் பாடத்தைத்தான் காட்ட முடியும். முழுக்க இணையவழியில் நடக்கும் எட்.டி.யில் சேர்ந்துவிட்டு அந்த விசா கேட்க முடியாது. இரண்டாவது, அங்கே அரசுப் பள்ளி முதல்வராக மாநில உரிமம் தனியாக வேண்டும். பட்டம் மட்டும் போதாது.

*

கேள்வி: கைக்குழந்தை இருக்கிறது. இப்போது சேர்ந்து, நடுவில் நின்றுபோனால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது, அம்மா. நெறியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– உதவிபெறும் பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: பயப்படாதே மகளே. பொதுக் காலவரம்பு 6 ஆண்டு; மறுபதிவில் இன்னும் 2. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் இயலாமை உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2. ஆக, உனக்கு 10 ஆண்டு வரை இடம் உண்டு. மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை தனியாகக் கிடைக்கும்.

நெறியாளர் விஷயத்தில் என் கதையைச் சொல்கிறேன். 90களில் பகுதிநேரமாகச் சேர்ந்தேன். சேடபட்டி, உசிலம்பட்டி ஒன்றியங்களில் டவுன் பஸ் மாறி மாறி ஏறி, தலைமை ஆசிரியர்களிடம் 310 வினாப்படிவம் நிரப்பி வாங்கினேன். மூன்றாம் ஆண்டில் நெறியாளர் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவர், ‘இது என் துறை இல்லை’ என்று தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார். அந்த 310 படிவமும் பரணில் ஒரு தகரப் பெட்டியில் இன்னும் இருக்கின்றன. எதிர்த்துப் பேச அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போதைய விதிப்படி ஓய்வுக்கு 3 ஆண்டுக்குக் குறைவாக உள்ளவர் புதிய மாணவரை எடுக்க முடியாது. ஒருவரிடம் இருக்கக்கூடிய மாணவர் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு: பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. போய்ப் பார்க்கும்போது, ‘எந்த ஆண்டு ஓய்வு பெறுகிறீர்கள், இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்’ என்று பணிவாகக் கேள். அவரிடம் படித்த ஒருவரைத் தனியாகச் சந்தித்து, ‘அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திருப்பித் தருவார்’ என்றும் கேள். சோத்கங்காவில் அவர் வழிகாட்டிய ஆய்வேடுகளை எடுத்து, இரண்டின் முதல் அத்தியாயத்தையாவது படித்துவிட்டுப் போ.

*

கேள்வி: என் பள்ளிக்கூடத்தையே ஆய்வு செய்யலாமா, அம்மா?
– தலைமை ஆசிரியை, தர்மபுரி மாவட்டம்

பதில்: செய்யலாம், ஆனால் தனியாக அதை மட்டும் எடுக்காதீர்கள். உங்கள் கீழ் வேலை பார்க்கும் ஆசிரியையிடம் நீங்களே போய், ‘என் தலைமை எப்படி?’ என்று கேட்டால் அவர் என்ன சொல்லுவார்? அந்தப் பதிலை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. பக்கத்து ஒன்றியத்தில் உங்களுக்கு நிர்வாகத் தொடர்பு இல்லாத மூன்று, நான்கு பள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளியில் பேட்டி எடுக்க வேண்டியிருந்தால் வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மறுக்கிறவர் பெயர் உங்கள் காதுக்கு வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதே ஒரு 80 பக்க நோட்டு வாங்குங்கள். பள்ளியில் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் தேதி போட்டு எழுதுங்கள்: யாரைக் கேட்டீர்கள், யார் முகம் சுளித்தார், ஒரு வாரம் கழித்து என்ன ஆயிற்று. நுழைவுத் தேர்வு முடிவு வருவதற்குள் அந்த நோட்டு நிறைந்திருக்கும். நேர்காணலுக்குப் போகும்போது அதையும் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.